கணுவுக்கு நாலு இலை

காரைக்காலில் அல்லி என்று கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குத் தெரியாது. பூச்செடிக்காரி என்று கேட்டால், "இப்பத்தான் இந்தப் பக்கமா போச்சு" என்று கையை நீட்டுவார்கள். தலையில் சும்மாடு, அதன் மேல் அகலமான கூடை, கூடைக்குள் பால்மாவு டின்களில் ஏழெட்டுச் செடிகள். செம்பருத்தி, இட்லிப்பூ, குரோட்டன்ஸ், காகிதப்பூ. சுமந்து சுமந்து கழுத்தே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. முப்பத்தைந்து வயதில் அவளைப் பார்த்தவர்கள் நாற்பத்தைந்து என்றுதான் மதிப்பார்கள்.

அம்பகரத்தூர்ப் பக்கம் பிறந்தவள். பதினோரு வயதில் களை பறிக்க வயலில் இறங்கினாள். நெல்லுக்கு நடுவில் நெற்சக்களத்தி என்று ஒரு புல் முளைக்கும். பெயரே சொல்கிறது, பயிருக்குச் சக்களத்தி. அதே பச்சை, அதே உயரம். முதல் வருஷம் அல்லி ஒரு முழுக் கைப்பிடி நல்ல பயிரைப் பிடுங்கிக் கரையில் போட்டுவிட்டாள். வேலையை மேற்பார்க்கும் காரியக்காரர் அதை எடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டி, அத்தனை பெண்களும் பார்க்க அரை நாளிலேயே கரையேறச் சொல்லிவிட்டார். அவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. மதகின் மேல் உட்கார்ந்து, இரண்டிலும் ஒவ்வொன்றைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். இலை தண்டோடு சேரும் இடத்தில் நெல்லுக்கு வெள்ளையாக ஒரு சின்ன நாக்கு இருந்தது. சக்களத்திக்கு அது இல்லை. அன்றிலிருந்து எந்தச் செடியை எடுத்தாலும் அவள் கண் முதலில் கணுவுக்குத்தான் போகும்.

கடைத்தெருவில் மூட்டை தூக்கும் கருப்பையனுக்கு வாழ்க்கைப்பட்டு எழுபத்திரண்டில் டவுனுக்கு வந்தாள். எழுபத்தேழு ஐப்பசியில் அடித்த புயலில் ஊரின் பாதி மரம் விழுந்தது. பெரிய வீட்டுத் தோட்டங்களில் ஒடிந்து கிடந்த கிளைகளை அள்ளித் தெருவில் போட்டார்கள். அல்லி அவற்றைப் பொறுக்கிவந்து, குப்பையில் கிடைத்த டின்களில் மண்ணைப் போட்டு ஊன்றி வைத்தாள். பாதி துளிர்த்தது. அதுவே பிழைப்பாயிற்று. வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் அனுப்பிய பணத்தில் புது வீடுகள் எழும்பிய காலம் அது. காம்பவுண்டு சுவர் வைத்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் வாசலில் ஒரு பூச்செடி கேட்டார்கள்.

அதிலும் அலமண்டாதான் அதிகம் விலைபோயிற்று. கேட்டின் மேல் ஏற்றிவிட்டால் வருஷம் முழுக்க மஞ்சள் மணியாகப் பூத்துத் தள்ளும். அதே மஞ்சளில், அதே மணியாகப் பூக்கிற இன்னொன்றும் உண்டு, பொன்னரளி. அது வேலியோரத்திலும் பாழ்மனையிலும் தானாக வளரும். சிவபூஜைக்கு வேண்டுமென்று கேட்பவர்களுக்காக அதிலும் நாலைந்து கன்று போட்டு வைத்திருந்தாள். இரண்டையும் ஒடித்தால் பால் வரும். இரண்டும் அவள் குடிசையின் பின்னால் ஒரே வரிசையில் நின்றன.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலுக்குப் பின்புறத் தெருவில் அவள் நுழைந்தபோது பதினொரு மணி இருக்கும். இரண்டு வீடு தள்ளியிருந்து ஹமீது ஓடிவந்தான். இருபத்திரண்டு வயது. அவன் அண்ணன் அப்துல் லத்தீப் அபுதாபியில் இருந்தார். அண்ணன் மனைவி பத்ருன்னிசாவையும், அவர்களுடைய ஐந்து வயது மகள் ஆரிபாவையும் இங்கே அவன்தான் பார்த்துக்கொண்டான்.

"நில்லும்மா அங்க! நில்லுங்குறேன்!"

அல்லி நின்றாள். அவன் கூடையைப் பிடித்து இழுத்த வேகத்தில் ஒரு டின் உருண்டு கீழே விழுந்தது.

"வெசச் செடியவா வித்துட்டுப் போன? எங்க புள்ள வாந்தியா எடுத்துக் கெடக்கு. கை நிறைய உன் செடிப் பூவு!"

"என்ன செடி தம்பி?"

"என்ன செடியா? மஞ்சளா பூக்குதே, போன ஐப்பசில நீ குடுத்த அதேதான்!"

அல்லி யோசித்துப் பார்த்தாள். போன ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. கன்றுகள் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நின்றன. அவசரத்தில் வரிசை மாற்றி எடுத்துவிட்டோமா? அலமண்டா என்று சொல்லிப் பொன்னரளியைக் கொடுத்துவிட்டோமா? அரளிக்கொட்டை என்ன செய்யும் என்று அவள் பிறந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதை உரக்கச் சொல்வதில்லை, அவ்வளவுதான். அந்த இரண்டு வீட்டு தூரத்தை அவள் எப்படி நடந்தாள் என்று பிறகு அவளுக்கே ஞாபகமில்லை.

கேட்டுக்குள் செடி வேரோடு பிடுங்கப்பட்டு வெயிலில் கிடந்தது. அல்லி கூடையை அப்படியே இறக்கிவிட்டுக் குனிந்து கொடியைத் தூக்கினாள். கணுவுக்கு நாலு இலை, சுற்றி வட்டமாக. அடுத்த கணுவிலும் நாலு. அகன்ற இலை. அலமண்டாவேதான்.

"தம்பி, இது அந்தச் செடி இல்லிங்க. இதத் தின்னா வயித்தால போவும், வாந்தி வரும். உசுருக்கு ஒண்ணும் பண்ணாது."

"டாக்டரும் அதத்தான் சொன்னாரு. புள்ளயோட இதையும் கொண்டுபோயிக் காமிச்சுட்டு வந்தேன். உப்பு சர்க்கரை தண்ணி குடுங்க, சரியாயிடும்னாரு. இல்லன்னா உன்ன இப்பிடி நிக்க வச்சுப் பேசிட்டு இருப்பேனா?" அவன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை. "போ. இனிமே இந்தத் தெருவுல உன் கூடைய நான் பாக்கக் கூடாது."

உள்ளே கூடத்தில் பிள்ளையைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். வாசலிலிருந்தே தெரிந்தது. பத்ருன்னிசா ஈரத்துணியால் அதன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"அல்லியக்கா, பூவத் தின்னதுக்கா இப்பிடி எடுக்கும்? வெள்ளை வெள்ளையா, முந்திரிப்பருப்பக் கடிச்சுத் துப்புனாப்புல வந்துச்சு."

"மச்சி, நீங்க உள்ள இருங்க," என்று அண்ணன் மனைவியைத் தடுத்தான் ஹமீது.

அல்லி கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். தெருமுனை வரை வந்தாள். தன் மேல் பழி இல்லை. டாக்டரும் சொல்லியாயிற்று. பேசாமல் அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். வெள்ளை வெள்ளையாகப் பருப்பு மாதிரி என்றாளே? அலமண்டாவில் ஏது பருப்பு? ஐந்தாறு வருஷமாக அவள் அந்தக் கொடியை வளர்க்கிறாள். ஒரு காய் கண்டதில்லை.

முனைக் கடையோரம் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சந்து வழியாக வீட்டின் பின்பக்கம் போனாள். பின்கதவுக்கு நேரே சந்தைத் தாண்டினால் ஒரு பாழ்மனை. சொந்தக்காரர் பிரான்சுக்குப் போய்ப் பத்து வருஷம். வீடு இடிந்து முன்படிக்கட்டு மட்டும் மிச்சம். சுற்றுச்சுவர் சரிந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பொன்னரளி அடர்ந்து நின்றது. மஞ்சளாகப் பூத்து, பச்சையும் கறுப்புமாகக் காய்த்துத் தொங்கியது.

படிக்கட்டில் பிள்ளை விளையாடிய இடம் அப்படியே இருந்தது. தேங்காய்ச் சிரட்டையில் மண்சோறு. அதன் மேல் அலங்காரமாக மஞ்சள் பூக்கள். ஒரு கருங்கல். கல்லுக்குப் பக்கத்தில் உடைபட்ட முக்கோணக் கொட்டை ஓடுகள். அல்லி உட்கார்ந்து ஓடுகளைப் பொருத்திப் பார்த்தாள். இரண்டு கொட்டை. பருப்பில் பாதி ஒன்று பல் பதிந்து கீழே கிடந்தது. மற்றதைக் காணோம்.

ஓடுகளையும் கடித்த பருப்பையும் முந்தானையில் முடிந்துகொண்டு, ஒரு அரளிக் கிளையை ஒடித்தாள். பால் விரலில் வழிந்தது.

பின்கதவைத் தட்டியபோது ஹமீதுதான் திறந்தான். ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பக் குளித்துவிட்டு வந்திருந்தான்.

"நான் சொன்னது புரியலயா உனக்கு?"

"தம்பி, கேளுங்க தம்பி. புள்ள தின்னது என் செடியில்ல. பின்னாடி இருக்குற பொன்னரளிக் கொட்டை. ஒடச்சுத் தின்னிருக்கு. இத பாருங்க."

அவன் அந்த ஓட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "டாக்டர் ஒண்ணுமில்லன்னுட்டாரு. புள்ளயும் வாந்தி நின்னு தூங்குது. நீ உன் மேல பழி வரக் கூடாதுன்னு வேற மரத்தக் காட்டுற. இந்தக் கொட்டைய யாரு எப்ப ஒடச்சாங்கன்னு எனக்கு என்ன தெரியும்?"

"டாக்டருக்கு நீங்க காமிச்சது என் செடி தம்பி. அதப் பாத்து அவரு சரியாத்தான் சொன்னாரு. இத அவரு பாக்கலயே!"

"போம்மா! நல்ல நாளும் அதுவுமா எழவு கூட்டாத!"

அவன் கதவை இழுத்தான். மூடப்போன கதவை உள்ளிருந்து ஒரு கை பிடித்தது. பத்ருன்னிசா.

"அல்லியக்கா, உள்ள வா. வந்து பாரு."

பிள்ளை தூங்கத்தான் செய்தது. அல்லி பாதத்தைத் தொட்டாள். ஆனி வெயிலில் கூரை ஓடு காய்கிற நேரத்தில் அந்தப் பாதம் மண்பானை போலக் குளிர்ந்திருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

"எழுப்பிப் பாருங்கம்மா."

"ஆரிபா! ஆரிபா, இந்தா உம்மா பாரு!"

பிள்ளை கண்ணைப் பாதி திறந்தது. மறுபடி மூடிக்கொண்டது. தலை தோளில் துணி போலச் சரிந்தது.

பத்ருன்னிசா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த ஏழு வருஷத்தில் ஆண் துணையில்லாமல் தெருமுனை தாண்டியவள் இல்லை. துணைக்கு நிற்க வேண்டியவன் கதவோரமே நின்றான். அவள் யாரையும் கேட்கவில்லை. கொடியில் கிடந்த வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, பிள்ளையை வாரித் தோளில் போட்டாள். "நட அக்கா," என்றாள்.

முன்வாசலில் கிடந்த அலமண்டாவில் ஒரு துண்டு ஒடித்துக்கொண்டு அல்லி முன்னால் ஓடினாள். சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று கிடைத்தது. வழியெல்லாம் பத்ருன்னிசாவின் உதடு எதையோ ஓதிக்கொண்டே இருந்தது. பாதி வழியில் பிள்ளை மறுபடி வாந்தி எடுத்தது. இந்தத் தடவை வெறும் நீர்தான். ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து நின்று மிதித்தார்.

டாக்டர் சிவசுப்பிரமணியனின் கிளினிக்கில் பெஞ்சு நிறையக் கூட்டம். கம்பவுண்டர் தலையை நீட்டினார்.

"காலைல காமிச்ச கேஸ்தானே? டாக்டர் பாத்துட்டாரே. உக்காருங்க, கூப்புடுறேன்."

"உக்கார நேரமில்லிங்க," என்று அல்லி அவரைத் தாண்டி ஸ்பிரிங் கதவைத் தள்ளினாள். உள்ளே ஒரு பெரியவரின் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்திருந்த டாக்டர் நிமிர்ந்தார். அல்லி இரண்டு கிளைகளையும் அவர் மேசையில் போட்டாள். முந்தானையை அவிழ்த்து ஓடுகளையும் பருப்பையும் பக்கத்தில் வைத்தாள். மூச்சு வாங்கியது.

"டாக்டரய்யா, காலைல நீங்க பாத்தது இது. கணுவுக்கு நாலு எலை, சுத்தி இருக்கும். புள்ள தின்னது இது. எலை ஒத்தை ஒத்தையா ஏறும், ஒல்லியா இருக்கும். பூவு ரெண்டும் ஒரே மஞ்ச. வாடிட்டா வித்தியாசம் தெரியாது. ஆனா என் செடி காய்க்கவே காய்க்காது ஐயா. காய்க்காத செடில பருப்பு எங்கேந்து வரும்? புள்ள வாந்தில பருப்பு வந்திருக்கு."

டாக்டர் கையில் ஓட்டை எடுத்துப் பார்த்தார். எழுந்து வந்து, பத்ருன்னிசாவின் தோளிலிருந்தே பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தார். மற்ற கையில் கடிகாரம். அல்லி அவருடைய முகத்தையே பார்த்தாள். முழுசாக ஒரு நிமிஷம் அவர் கையை எடுக்கவில்லை.

"ஐம்பத்திரண்டு," என்றார், தனக்குள் சொல்வது போல. "இந்த வயசுக்கு நூறு இருக்கணும்."

பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. ஊசி போட்டார். கம்பவுண்டர் பெரியவரை வெளியே அனுப்பிவிட்டுக் கட்டிலை இழுத்தார். டாக்டர் தன் காரை எடுக்கச் சொல்லி டிரைவருக்கு ஆள் விட்டார். "தஞ்சாவூர் கொண்டுபோகணும். இங்க வச்சுக்க முடியாது. எத்தனை தின்னுச்சு? யாருக்காவது தெரியுமா?"

"ரெண்டு கொட்டை ஒடச்சிருக்குங்க. ஒரு பாதி கீழ கெடந்துச்சு, அதான் இது. மிச்சத்தக் காணோம்."

அதைக் கடிதத்தில் எழுதினார். செடியின் பெயரையும் எழுதினார். வழியில் போட இரண்டு ஊசி மருந்தைக் கொடுத்து ஒரு நர்ஸையும் கூட அனுப்பினார். கார் கிளம்புகிற நேரத்தில் ஹமீது தொப்பியோடு ஓடிவந்தான். முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டான். பத்ருன்னிசா ஜன்னல் வழியாக அல்லியின் கையைப் பிடித்தாள். கார் நகர்ந்தபோதுதான் விட்டாள்.

அல்லி முனைக் கடைக்குத் திரும்பினாள். கூடையில் மூன்று டின் காணாமல் போயிருந்தது. மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

அடுத்த மூன்று நாள் செய்தி எதுவும் வரவில்லை. செய்திக்குப் பதில் பேச்சு வந்தது. பூச்செடிக்காரி கொடுத்த செடியைத் தின்று பிள்ளை செத்துப் பிழைக்கிறது என்றார்கள். செத்தே போயிற்று என்றும் சிலர் சொன்னார்கள். ஐந்து வீட்டுக்காரர்கள் அலமண்டாவைப் பிடுங்கிக் கொண்டுவந்து அவள் குடிசை வாசலில் போட்டார்கள். ஒருத்தி அதோடு நிற்காமல், "புள்ள இருக்குற ஊட்டுக்கு எமன வித்துட்டியேடி" என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். கருப்பையன் கேட்டான், "நீ சொல்லேன் அவங்கள்ட்ட, அது வேற செடின்னு?"

"அந்தப் புள்ள பொழச்சு வரட்டும். அப்பறம் சொல்றேன். இப்ப என் வாயில எதுவும் வராது."

சோறு இறங்கவில்லை. அவளை வாட்டியது பழிச்சொல் கூட இல்லை. முனைக் கடையில் கூடையை இறக்கி வைத்த நேரம்தான். தெருமுனை வரை போனேனே, அங்கேயே யோசித்து நின்றேனே, அந்தக் கால்மணி நேரம் பிள்ளைக்கு முக்கியமாக இருந்திருந்தால்? இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

நான்காம் நாள் கம்பவுண்டர் சைக்கிளில் வந்தார். "பொழச்சுருச்சு," என்றார் இறங்காமலே. "நாடி ஏறிடுச்சாம். ரெண்டாவது நாளு நின்னு நின்னு அடிச்சுதாம். இன்னும் அஞ்சு நாள் வச்சுத்தான் அனுப்புவாங்க. டாக்டரு உங்கிட்ட நேர்ல சொல்லச் சொன்னாரு." அல்லி அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பிடுங்கிப் போட்ட செடிகளின் நடுவில் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதாள்.

ஆரிபா ஒன்பதாம் நாள் வீடு வந்தாள். மெலிந்து, கண் பெரிதாகி, ஆனால் வந்த அன்றே முட்டை கேட்டு அழுதாளாம். பத்ருன்னிசா ஆள் அனுப்பி அல்லியைக் கூப்பிட்டாள். போனபோது ஹமீது கூடத்தில் இருந்தான். எழுந்து நின்றான். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவனே நீட்டினான். அதோடு சரி. மன்னிப்பு என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அல்லியும் எதிர்பார்க்கவில்லை.

"ஆரிபாவோட வாப்பா தந்தியப் பாத்துட்டு லெட்டர் போட்டிருக்காங்க," என்றாள் பத்ருன்னிசா. "யாரக் கேட்டு வெளில போனன்னு கேப்பாங்களோன்னு பயந்துட்டுப் பிரிச்சேன். ஏன் மொதல்லயே போகலன்னு கேட்டிருக்காங்க."

பாழ்மனையின் அரளியை வெட்ட வேண்டுமென்று தெரு முழுக்கப் பேசினார்கள். சொந்தக்காரர் பிரான்சில் இருக்கிறார், அவர் ஒப்புதல் இல்லாமல் கை வைக்கக் கூடாது என்று ஒரு கட்சி. பூஜைக்குப் பறிக்கிற மரத்தை வெட்டுவதா என்று ஒரு கட்சி. மாதம் இரண்டு ஓடியது. பேச்சு மட்டும் வளர்ந்தது. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அல்லியும் கருப்பையனும் அரிவாளோடு போனார்கள். ஹமீது சட்டையைக் கழற்றிவிட்டுக் கூட இறங்கினான். வேரைத் தோண்டி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. யாரும் வந்து ஏன் என்று கேட்கவில்லை.

அதன் பிறகு டாக்டர் ஏழெட்டு வருஷத்தில் நாலைந்து தடவை அவளுக்கு ஆள் விட்டார். யாராவது எதையாவது தின்றுவிட்டு வந்தால், மிச்சமிருந்த இலையையோ விதையையோ அவள் கையில் கொடுத்துக் கேட்பார். ஒரு தடவை ஊமத்தை, ஒரு தடவை குன்றிமணி. ஒரு தடவை காரைக்கால்மேட்டிலிருந்து வந்த பெண் தின்றது எது என்று அல்லி சரியாகத்தான் சொன்னாள். ஆனால் கொண்டுவந்ததே தாமதம். அன்று அல்லி கிளினிக்கிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தாள், ஒரு வாரம் கூடையைத் தொடவில்லை.

வியாபாரமும் முன்போல் இல்லை. காரணம் அவளேதான். எந்தச் செடியை விற்றாலும் கையில் கொடுக்கும் முன் சொல்லிவிடுவாள்: இதில் பால் இருக்கிறது, பிள்ளை வாயில் வைக்கக் கூடாது, இதன் காயைப் பறித்து எறிந்துவிடுங்கள், இது அழகுதான், ஆனால் ஆடு கடித்தால் அவ்வளவுதான். பாதிப் பேர் செடியைத் திருப்பிக் கூடையிலேயே வைத்துவிடுவார்கள். பொன்னரளிக் கன்றுகளை அவளே பிடுங்கிவிட்டாள். பூஜைக்கு என்று கெஞ்சிக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொன்னாள்.

"ஊர்ல எவனாவது சரக்க வச்சுக்கிட்டு அதுக்கே குத்தம் சொல்லி விப்பானா?" என்று கருப்பையன் திட்டுவான்.

"நான் சொல்லுவேன். புடிச்சா வாங்கட்டும், புடிக்கலன்னா போவட்டும்," என்பாள் அவள்.

திருவேட்டக்குடியில் புது வீடு கட்டிய ஒருவர் எண்பத்தெட்டில் வாசலுக்கு மஞ்சள் பூச்செடி கேட்டார். அல்லி அலமண்டாவைக் காட்டி, கணுவைத் திருப்பி நாலு இலையையும் எண்ணிக் காண்பித்து, எதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று கால்மணி நேரம் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு எதுக்கும்மா வம்பு, ஒரு குரோட்டன்ஸே குடு" என்றார். அவள் சிரித்துக்கொண்டே இருப்பதில் நல்லதாகப் பார்த்து ஒரு குரோட்டன்ஸை எடுத்துக் கொடுத்தாள்.